மலைமேல் சர்வருக்கு எந்த பி.டி.யூ.?

ஜவ்வாது மலையில், கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது காவலூர் வைணு பாப்பு வானாய்வகம். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்துக் கடந்தபோது அதன் வளையங்களைக் காட்டிக்கொடுத்த பதிவுகளில், இங்குள்ள 1 மீட்டர் தொலைநோக்கியின் பதிவும் ஒன்று. ஒரு வளையம் விண்மீனை மறைப்பது சில விநாடிகள்தான். இன்று அப்படியொரு இரவில் கேமராத் தரவை வாங்கும் சர்வர் உறைந்துபோனால், மலையேறி ஆள் வரும்வரை யுரேனஸ் காத்திருக்காது.

இங்கேதான் ரேக்கின் பின்பக்கம் சர்வர்களுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்து கொடுக்கும், யாரும் கவனிக்காத பி.டி.யூ. (மின்பகிர்வுப் பலகை) முக்கியமாகிறது. பார்ப்பதற்கு வீட்டு ஸ்பைக் பஸ்டரின் அண்ணன்தான். ஏபிசி நிறுவனத்தின் மூன்று மாடல்களை எடுத்துக்கொள்வோம். மூன்றுக்கும் 1யூ உயரம், 230 வோல்ட், 16 ஆம்பியர்.

ஏபி9559 வெறும் பலகை: பத்து சி13, இரண்டு சி19 சாக்கெட். எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று அது சொல்லாது. பிரேக்கர் விழுந்தால்தான் தெரியும். ஏபி7821பி எட்டு சி13 தருகிறது, மொத்த ஆம்பியரை முகப்பிலும் நெட்வொர்க்கிலும் காட்டுகிறது. ஏபி7921பி அதற்கு மேல் ஒரு படி: எட்டு சாக்கெட்டையும் தனித்தனியே தொலைவிலிருந்து அணைக்கலாம், போடலாம். ஆனால் எந்த சர்வர் எவ்வளவு இழுக்கிறது என்று பிரித்துச் சொல்லாது. அந்தக் கணக்கு வேண்டுமென்றால் இன்னும் விலை உயர்ந்த ரகத்துக்குப் போக வேண்டும்.

ஏபி7921பியில் அதிகம் பேசப்படாத வசதி, சாக்கெட்டுகளை இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக உயிர்ப்பிப்பது. கரன்ட் போய் வரும்போது எல்லா சர்வரும் ஒரே நொடியில் மின்சாரத்தை உறிஞ்சினால் பிரேக்கர் ட்ரிப் ஆகும். முதலில் நெட்வொர்க் சுவிட்ச், பிறகு சேமிப்பகம், கடைசியில் சர்வர் என்று வரிசை போட்டுவிட்டால் அந்தத் தொல்லை குறையும்.

குறைகளும் உண்டு. அதன் பிளக் சி20 வகை. யுபிஎஸ்ஸின் சி19 சாக்கெட்டில் கச்சிதமாகப் பொருந்தும், நம்மூர் சுவரிலுள்ள 16 ஆம்பியர் சாக்கெட்டில் நேராக நுழையாது. சாதாரண சி13 பிளக்கில் பூட்டு கிடையாது. ரேக்கின் பின்னால் கை பட்டாலே தளர்ந்துவிடும். பூட்டு வைத்த கேபிள் வாங்குவதே நல்லது.

16 ஆம்பியர் என்றால் 3,680 வாட் என்று கணக்குப் போட்டு நிரப்பிவிடக் கூடாது. இரட்டை மின்வழங்கி உள்ள சர்வர்களுக்கு இரண்டு பி.டி.யூ. வேண்டும். ஒன்று செத்தால் மற்றது முழுச் சுமையையும் தாங்க வேண்டும் என்பதால், ஒவ்வொன்றிலும் ஆறு ஆம்பியர் அளவோடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம். இடி மின்னலைச் சமாளிக்க, மின்பலகையில் சர்ஜ் தடுப்பானும் ஒழுங்கான எர்த்தும் தனியே தேவை.

இரவும் பகலும் ஆள் இருக்கும் சென்னை டேட்டா சென்டரில் ஏபி7821பி போதும். மலைக்கு ஏபி7921பிதான். லடாக்கின் ஹான்லேயில் உள்ள 2 மீட்டர் தொலைநோக்கியைப் பெங்களூரு அருகே ஹொசகோட்டேயிலிருந்து இயக்குகிறது இந்திய வான் இயற்பியல் நிறுவனம். காவலூரும் அதே நிறுவனத்தின் ஆய்வகம். அவ்வளவு தூரத்திலிருந்து வேலை பார்க்கிறவர்களுக்குத் தொலைவில் இயங்கும் சுவிட்ச் ஆடம்பரமல்ல.

வாங்கியதும் முதல் வேலை, பாஸ்வேர்டை மாற்றுவது. இரண்டாவது, பி.டி.யூ.வுக்கு இணைப்புத் தரும் நெட்வொர்க் சுவிட்ச் அதே பி.டி.யூ.வில் செருகப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது. அப்படி இருந்தால் அந்தச் சாக்கெட்டுக்கு ‘ரீபூட்’ மட்டும் கொடுக்கலாம், பி.டி.யூ. தானே அணைத்துத் தானே போட்டுவிடும். ‘ஆஃப்’ கொடுத்தால், திரும்பப் போட ஆள்தான் மலையேற வேண்டும்.