முதலடியும் முழுப்பாடலும்

மேற்கோளாக எடுத்தாளப்பெறும் தொடர், தன் சூழலிலிருந்து பிரிக்கப்படுங்கால், சொல் மாறாமலே பொருள் மாறுதல் உண்டு. கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாடல் (192) இதற்குத் தக்க சான்றாகும். 13 அடிகள் கொண்ட இப்பாடலின் முதலடி மட்டுமே உலக ஒருமைப்பாட்டு முழக்கமாக வழங்கி வருகின்றது. 2007இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் குடியரசுத் தலைவர் அப்துல் கலாமும் இவ்வடியை எடுத்தாண்டார்.

முதலடியின் இரு தொடர்களும் வினைமுற்று இன்றிப் பெயர்ப்பயனிலை கொண்டவை. காலமும் வினைநோக்கும் அவற்றின் வடிவில் வெளிப்படா. எனவே அடி தனித்து நிற்குங்கால் 'இவ்வாறு உள்ளது' என்னும் கூற்றாகவும், 'இவ்வாறு கருதுக' என்னும் அறிவுரையாகவும் கொள்ள இடமுண்டு. முழக்கம் இரண்டாவதையே கொள்கின்றது.

சூழல் இவ்வையத்தை நீக்குகின்றது. தீதும் நன்றும் பிறரால் வருவன அல்ல, சாதல் புதிதன்று எனப் பின்வருவன யாவும் கூற்றுகளே. ஆற்றொழுக்கில் செல்லும் புணைபோல உயிர் முறைவழிச் செல்லும் என்னும் கருத்தோ 'என்பது' என்னும் சொல்லால் திறவோரின் காட்சியாகச் சுட்டப்படுகின்றது. அதாவது, பாடலுக்குள்ளும் ஒரு மேற்கோள் உண்டு. அக்காட்சியால் தெளிந்தமையின் பெரியோரை வியத்தலும் இல்லை, சிறியோரை இகழ்தல் அதனினும் இல்லை எனப் பாடல் முடிகின்றது. பொருண்மொழிக்காஞ்சி என்னும் துறைக்குறிப்பும் இதற்கு அரண் செய்கின்றது.

முழக்கம் வேண்டும் சமநோக்கு பாடலில் உண்டு. ஆயின் அது இறுதியடிகளில், தெளிவின் பயனாக வருகின்றது. முதலடியை ஏவலாகப் பெயர்ப்போர் இக்காரணத் தொடர்பை இழக்கின்றனர். ஓரடியைப் பெயர்க்க நேரினும், வினைநோக்கைத் தெரிவுசெய்யுமுன் 13 அடிகளையும் நோக்குதல் மொழிபெயர்ப்பாளரின் கடமையாகும்.