அம்புலி காட்டலும் குழவி நோக்கும்

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழவியின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்தனர். 3ஆம் திங்கள் முதலாக இரு திங்களுக்கொன்றாய்ப் பருவங் கொள்வார் கணக்கில் சப்பாணி 9ஆம் திங்களுக்கும், வருகை 13ஆம் திங்களுக்கும், அம்புலி 15ஆம் திங்களுக்கும் உரியன. கைகொட்டல், அழைக்க வருதல், சுட்டியதை நோக்கல் ஆகிய இவற்றையே ஓட்டிசம் பற்றி ஆராயும் உளநூலாரும் உற்றுநோக்குகின்றனர். ஆயினும் இவ்வொப்புமையை மிகைப்படுத்தல் தகாது. அம்புலிப் பருவத்திற் புலவன் திங்களையே விளிக்கின்றான். குழவி அதனை நோக்கியதா, நோக்கியபின் தாய்முகம் பார்த்ததா என வினவினானல்லன். ஆராய்ச்சியோ அவ்வினாவிலேயே தொடங்குகின்றது.

1943இல் லியோ கனர் 11 சிறுவரைப் பற்றி எழுதியபோது, அவர்தங் குழவிப் பருவத்துக்குப் பெற்றோர் நினைவே பெருஞ்சான்றாயிற்று. நினைவோ பின்னறிந்தவற்றாற் சாயம் ஏறுவது. இக்குறை நீங்கவே, ஓட்டிசம் உடைய பிள்ளையின் தம்பி தங்கையரைத் தொட்டிற் பருவத்திலிருந்தே தொடர்ந்து நோக்கும் முறை எழுந்தது. 2011இல் வெளிவந்த ஆய்வில் அத்தகைய 664 குழவியருள் 18.7 வீதத்தினர்க்கு ஓட்டிசம் காணப்பட்டது. எஞ்சிய பெரும்பாலோர்க்கு அஃது இல்லை என்பதை எடுத்துரைப்பார் சிலரே. முன்னர் ‘ஆபத்து’ என்னும் பொருள்பட எழுதியோர் இன்று ‘நிகழ்தகவு’ என்னும் பொருளில் எழுதுதல் வெறுஞ் சொன்மாற்றமன்று. தாயின் அச்சத்தைக் குறைக்கும் சொல் அது.

எனினும் இம்முறைக்கும் ஒரு குறை உண்டு. மேல்நாட்டில் ஆக்கிய வினாக்கொத்துப் பிறநாட்டுத் தாயரிடம் அவ்வாறே பயன்படுமா? ஈழத்தில் ஹேமமாலி பெரேராவும் பிறரும் 18 முதல் 24 திங்கள் வரையுள்ள 374 பிள்ளைகளை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட கட்டுரை விடை தருகின்றது. ஏறக்குறைய 93 பேர்க்கு ஒருவரிடம் ஓட்டிசம் காணப்பட்டது. தாயர் விடையளித்த வினாக்கொத்தோ அவருள் நாலில் ஒரு பங்கினரையே இனங்கண்டது. பின்னர் அவர்கள் படங்காட்டி வினவும் முறையை வகுத்தது தக்கதே.

தமிழில் இவ்விடர் இன்னும் நுண்ணியது. ‘பிள்ளை விரலாற் காட்டுமா?’ என்று மல்லாவியில் ஒரு தாயைக் கேட்டால், ‘ஓம், காட்டும்’ என்பாள். பால்மாப் பேணியைக் காட்டிக் கேட்பதும் காட்டலே. முற்றத்து மயிலைக் காட்டி மகிழ்வதும் காட்டலே. முன்னது தன் தேவை. பின்னது பிறரோடு பகிரும் நோக்கு. ஆராய்வார்க்கு வேண்டியது பெரிதும் பின்னதே. ஆதலின், ‘மயிலைக் கண்டால் உமக்குக் காட்டுமா? காட்டிவிட்டு உமது முகத்தைப் பார்க்குமா?’ என்றே அத்தாயிடம் கேட்டல் வேண்டும்.