கட்டைவிரலுக்கு ஏற்ற கேள்வி

கைபேசியில் பதில் சொல்வதற்கென்றே பார்த்துப் பார்த்துச் செய்த கருத்துக்கணிப்பு அபூர்வமாகத்தான் கண்ணில் படும். பட்டால் கொஞ்சம் நின்று ரசிக்கலாம். திரைக்கு ஒரு கேள்வி, அதுவும் இரண்டு வரிக்குள். பதில்கள் விரல் தவறாமல் தொடும் அளவுக்கு அகலமாக இருக்கும். வயதைக் கேட்டால் எண் பலகை மட்டும் எழும்பும். மாவட்டத்தைக் கேட்டால், இரண்டு எழுத்து தட்டியதும் பட்டியல் சுருங்கிவிடும்.

இந்த எளிமைக்குப் பின்னால் நிறைய உழைப்பு இருக்கிறது. உளவியலாளர் ரென்சிஸ் லிக்கர்ட் 1932-இல் முன்வைத்த, ஒரு கருத்தை எவ்வளவு ஏற்கிறோம் என்று கேட்கும் ஐந்து படி அளவுகோலைத் தாளில் ஒரே வரியில் பரப்பி வைக்கலாம். சின்னத் திரையில் அப்படி வைத்தால் ஓரத்துப் படி மறைந்துபோகும். கண்ணில் படாததை யார் தொடுவார்கள்? அதனால் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குகிறார்கள். கட்டம் போட்ட அட்டவணையைத் தனித்தனிக் கேள்விகளாக உடைக்கிறார்கள். பட்டியலில் மேலே இருப்பதைத் தொட்டுவிட்டு நகர்வது மனித சுபாவம். எனவே ஆளுக்கு ஆள் வரிசையைக் கலைத்துப் போடுகிறார்கள். ‘மற்றவை’ மட்டும் கடைசியில் அசையாமல் நிற்கும்.

கேள்வியின் வாசகத்திலும் கைத்திறன் தெரியும். ‘சாப்பாடும் உபசரிப்பும் பிடித்திருந்ததா?’ என்று கேட்டால், சாப்பாடு மட்டும் பிடித்தவர் என்ன சொல்வார்? கெட்டிக்காரர் அதை இரண்டாகப் பிரித்துவிடுவார். ‘சொல்ல விருப்பமில்லை’ என்பதற்கும் இடம் விடுவார்.

கேள்விகள் தயாரிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அனுப்பும் முன் பேருந்தில் நின்றபடி, ஒரே கையால் நீங்களே நிரப்பிப் பாருங்கள். எரிச்சலூட்டும் கேள்வியை அங்கேயே வெட்டிவிடுங்கள்.