அழுகிற முகம் மட்டும் போதுமா?

ஓர் ஓவியத்தைக் கொடுத்துப் பத்தி எழுதச் சொன்னால், நம் மாணவர்கள் பலரும் “இப்படம் மக்களின் துன்பத்தைக் காட்டுகிறது” என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுகிறார்கள். சரி, எப்படிக் காட்டுகிறது? மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது. நம் நெகிரி செம்பிலான் தோட்டங்களையும் தொட்ட ஒரு துயரத்தை வைத்தே இதைப் பார்ப்போம்.

சயாம் மரண இரயில், 1942-43இல் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் பாதை. நம் தோட்டத்து லயங்களிலிருந்தும் ஆள் பிடித்துக்கொண்டு போனார்கள். உங்கள் வீட்டிலேயே பாட்டியோ தாத்தாவோ சொல்லக் கேட்டிருப்பீர்கள். அங்கே வேலை செய்த ஆங்கிலேயப் போர்க்கைதி ரோனால்ட் சேர்ல். சிங்கப்பூர் வீழ்ந்தபோது அவருக்கு வயது 21. கிடைத்த காகிதத்தில் திருட்டுத்தனமாக வரைந்தார். காவலர்கள் கிட்டே வரப் பயப்படுவார்கள் என்று, காலரா நோயாளிகளின் படுக்கைக்கு அடியில் ஒளித்து வைத்தார். தப்பிய ஏறக்குறைய 300 படங்கள் இன்று லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அந்தக் கோடுகளைக் கவனியுங்கள். மெலிந்த, அவசரமான கோடுகள். காலராவில் சாகிற ஒருவனை வரையும்போதும் நம்மிடம் இரக்கம் கேட்கவில்லை, சாட்சி சொல்கிறார். மாட்டினால் உயிருக்கே ஆபத்து என்ற நிலையில் வரைவதே எதிர்ப்புத்தானே!

ஆனால் அப்படங்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் அவருடைய சக கைதிகள். தண்டவாளத்தில் செத்தவர்களில் கைதிகளைவிட ஆசியத் தொழிலாளர்களே பல மடங்கு அதிகம். அவர்களில் நம் தோட்டத் தமிழர்கள் ஏராளம். பிரட்டுக்கு நின்ற ஆளுக்குப் பென்சிலும் காகிதமும் ஏது? ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவல் எழுத்தில் அந்தக் குறையை ஓரளவு தீர்த்தது. ஓவியத்தில் அது அப்படியே கிடக்கிறது.

முகமே பதிவாகாதவர்களை எப்படி வடிப்பது? இதற்கு ஒரு வழியை நம் நாட்டிலேயே ரெட்சா பியாதாசா காட்டியிருக்கிறார், வேறொரு துயரத்துக்காக. 1970இல் அவர் செய்த படைப்பின் பெயர் ‘மே 13, 1969’. நிமிர்த்தி வைத்த ஒரு சவப்பெட்டி, அதன் மேல் மலேசியக் கொடியின் வண்ணங்கள், அடியில் ஒரு கண்ணாடி. அவ்வளவுதான். இரத்தம் இல்லை, கத்தி இல்லை, எந்த இனத்தவரின் முகமும் இல்லை. குனிந்து பார்த்தால் பெட்டியின் பிம்பத்தோடு உங்கள் முகமும் தெரியும். “நீ அப்போது எங்கே இருந்தாய்?” என்று அது கேட்பதாக எனக்குப் படுகிறது. கோபத்தை இவ்வளவு அடக்கிச் சொல்ல ரொம்பத் துணிச்சல் வேண்டும். அந்த மூலப் படைப்பை அவரே அழித்துவிட்டார். இப்போது இருப்பது 2006இல் மறுபடி செய்தது.

இதற்குப் பக்கத்தில் நம் பள்ளி ஓவியப் போட்டிகளை வைத்துப் பாருங்கள். பால்மரம், காண்டா வாளி, கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர், பின்னால் செக்கச்சிவந்த சூரியன். பரிசும் அதற்கே கொடுக்கிறோம். வரைந்த பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை, நாம் கேட்டதைத்தான் கொடுக்கிறார்கள். ஆனால் அந்தக் கண்ணீரில் யார்மேல் கோபம் என்பது தெரிவதே இல்லை.

அடுத்த முறை தலைப்பை மாற்றிப் பாருங்களேன், ஆசிரியர்களே. சயாமுக்குப் போய்த் திரும்பாதவர்களுக்கு ஒரு சிற்பம், மனித உருவமே இல்லாமல். விடியற்காலைப் பிரட்டுக் களம், மண்டோர் கையில் செக்ரோல், பெயர் கூப்பிட்டும் யாரும் நிற்காத இடம் என்று யாராவது தொடங்கலாம். தேர்வு எழுதும் மாணவர்கள், எதை விட்டுவிட்டீர்கள், ஏன் விட்டீர்கள் என்று பத்து வரியில் எழுதிச் சேர்க்க வேண்டும்.