பிடித்தது, பிடிக்கவில்லை, ஏன்?

1966-இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ வெளிவந்தபோது எழுந்த எதிர்ப்பு தமிழ்ப் பத்திரிகை உலகம் நன்கு அறிந்தது. மழையில் பஸ்ஸுக்குக் காத்திருந்த கல்லூரி மாணவி, முன்பின் அறியாத ஒருவனின் காரில் ஏறுகிறாள். அவனால் கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். விஷயம் தெரிந்த தாய் பதறிப்போனாலும், பிறகு மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அந்தத் தண்ணீரைத்தான் வாசகர்கள் பலரால் ஏற்க முடியவில்லை. ஒரு தாய் இப்படிச் செய்வாளா, செய்யலாமா என்று கேட்டார்கள். கேள்வியில் ஒழுக்கக் கண்டிப்பு இருந்தது. கதையின் நுட்பத்தைப் பற்றிய அக்கறை குறைவு. ஆனாலும் அந்தக் கேள்வியிலிருந்து ஒரு நாவல் பிறந்தது. தாய் தண்ணீர் ஊற்றாமல் ஊரைக் கூட்டும்படி அலறியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்று யோசித்து ஜெயகாந்தன் எழுதியதுதான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. 1972-இல் அதற்குச் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. அதன் நாயகி கங்கா, தனக்கு நேர்ந்ததைப் போலவே ஒரு கதை பத்திரிகையில் வந்திருப்பதைப் படிக்கிறாள். தன் அம்மா இப்படி நடந்துகொள்ளவில்லையே என்று அவளுக்குத் தோன்றுவதும் ஒரு வாசகக் கருத்துதான்.

தவறான கருத்துக்கூட இவ்வளவு பயன்பட்டது எதனால்? அது கதையில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டியது. இந்தத் தாய், இந்தத் தண்ணீர், இந்த வார்த்தை என்று விரல் வைத்துச் சொன்னது. வாசகர் கருத்து எனும் வழக்கத்தின் பலமும் பலவீனமும் இந்த ஒரு புள்ளியில்தான் பிரிகின்றன என்பது என் எண்ணம். படிக்கும்போது தனக்குள் என்ன நடந்தது, புத்தகத்தின் எந்த இடத்தில் நடந்தது என்று சொல்லும் வாசகர் ஒரு சாட்சி. சாட்சியின் பார்வை குறைபட்டிருக்கலாம். அதைக் குறுக்கு விசாரணை செய்யலாம், மற்றொரு சாட்சியோடு ஒப்பிடலாம். சாட்சி சொல்லாமலே நேராகத் தீர்ப்புக்குப் போய்விடுபவரை எதுவும் கேட்க முடியாது. அருமை, மொக்கை, கட்டாயம் படிக்க வேண்டியது, ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் என்றால் அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

முதலில் பலத்தைச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் விமர்சகர்கள் அதை எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. விமர்சகர் ஒரு துறையில் கால் ஊன்றி நிற்பவர். நாவலைப் பற்றி எழுதுபவர் சமையல் புத்தகத்தைப் பற்றி எழுதமாட்டார். வரலாற்று நூல்களை மதிப்பிடுபவர் சித்த மருத்துவக் கையேட்டைத் தொடமாட்டார். சாதாரண வாசகர் ஒரே மாதத்தில் இவை எல்லாவற்றையும் படிக்கிறார். நடுவில் ஒரு துப்பறியும் கதையும், தேவாரத்துக்கு ஓர் உரையும் இருக்கும். இந்தக் கலவை அவருக்கு ஒரு தனி வெளிச்சத்தைத் தருகிறது. அதைவிடப் பெரிய விஷயம், வாழ்க்கை அவருக்குக் கொடுத்திருக்கும் நிபுணத்துவம். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ 1972-இல் அச்சேறியது. மெடான், பினாங்கு, மதுரை என்று அலையும் அந்த நாவலில் வட்டிக்கடைகளின் புழங்குமொழி அப்படியே ஏறியிருக்கிறது. அப்படி ஒரு கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து அடுத்தாளாக உயர்ந்தவர் அதைப் படித்து, இந்த இடம் சரி, இந்த இடத்தில் ஆசிரியர் சற்று மிகைப்படுத்துகிறார் என்று நான்கு வரி எழுதியிருந்தால், அதற்கு எந்தப் பேராசிரியரின் ஆய்வேடும் ஈடாகாது. மலாயா, சுமத்ரா போய் வந்த குடும்பங்கள் செட்டிநாட்டிலும் இராமநாதபுரத்துச் சீமையிலும் எத்தனையோ இருந்தன. நாவல் வெளிவந்து வெகுகாலம் அதைப் பற்றிய பேச்சே எழவில்லை. அந்த மௌனத்தால் போன சாட்சியங்களை இனி யாராலும் மீட்க முடியாது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

இப்போது குறைகளுக்கு வருகிறேன். பலவகை நூல்களை ஒருவரே படிக்கும்போது, எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோலை நீட்டிவிடும் ஆபத்து உண்டு. தமிழில் அந்த அளவுகோலின் பெயர் விறுவிறுப்பு. கையில் எடுத்தால் கீழே வைக்க முடியாதது நல்ல புத்தகம். வைக்க முடிந்தால் இழுவை. துப்பறியும் கதைக்கு இது நியாயமான அளவுகோல்தான். தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ளுக்கு இதை நீட்டினால் என்ன ஆகும்? இரண்டு பேர் அதைப் பற்றிப் பேசுவதாக வைத்துக்கொள்வோம். ஒருவர், கதை நகரவே இல்லை, நடுவில் பாட்டுச் சமாசாரம் அதிகம், பாதியில் மூடிவிட்டேன் என்கிறார். இன்னொருவர், ரங்கண்ணாவிடம் பாபு சங்கீதம் கற்கும் பகுதிகளில் கதை நின்றுவிட்டது, ஆனால் யமுனாவுக்காகக் காத்திருக்கும் பொறுமையை அவன் அங்கேதான் கற்கிறானோ என்று பிறகு தோன்றியது என்கிறார். இருவருக்கும் அலுப்பு வந்த இடம் ஒன்றே. முதல்வர் அந்த அலுப்பைப் புத்தகத்தின் குற்றமாக எழுதி முடித்துவிட்டார். இரண்டாமவர் அலுப்பையே ஒரு தடயமாக எடுத்துக்கொண்டார். அவருக்கு முதல்வரைவிடப் படிப்பு அதிகம் இருக்க வேண்டியதில்லை. தன் மனத்தில் நடந்ததைக் கொஞ்ச நேரம் கூடுதலாகக் கவனித்திருக்கிறார், அவ்வளவுதான்.

படித்தவர்களிடம் இந்தக் குறை இராது என்று எண்ணுபவர்களுக்கு ஐ.ஏ. ரிச்சர்ட்ஸின் சோதனை நல்ல பதில். கேம்பிரிட்ஜில் அவர் பதின்மூன்று கவிதைகளை, எழுதியவர் பெயரோ காலமோ குறிப்பிடாமல், பெரும்பாலும் ஆங்கில இலக்கிய மாணவர்களிடம் கொடுத்து, தோன்றியதை எழுதித் தரச் சொன்னார். அந்தக் குறிப்புகளை ஆராய்ந்து 1929-இல் ‘பிராக்டிகல் கிரிடிசிசம்’ என்ற நூலை வெளியிட்டார். ஜான் டன்னையும் ஹாப்கின்ஸையும் பலர் தள்ளிவிட்டிருந்தார்கள். இன்று யாரும் நினைவில் வைத்திராத சிலருடைய கவிதைகள் பாராட்டுப் பெற்றிருந்தன. டி.எச். லாரன்ஸின் கவிதை ஒன்றில், ஒரு பெண் பாடக் கேட்டவனுக்கு, குழந்தைப் பருவத்தில் பியானோவின் அடியில் உட்கார்ந்திருந்த நினைவு வந்துவிடுகிறது. பலர் அதை வெறும் அழுகை என்று ஒதுக்கினார்கள். அந்த அழுகையை அவன் அடக்கப் பார்த்துத் தோற்கிறான் என்பது கவிதைக்குள்ளேயே இருப்பது அவர்கள் கண்ணில் படவில்லை. அழுகை என்றாலே மலிவானது என்று ஏற்கெனவே மனத்தில் அச்சாகியிருந்த ஒரு பதில், கவிதையைப் படிக்கவிடாமல் முந்திக்கொண்டது. இந்தச் சோதனையை வாசகர் கருத்துக்கு எதிரான சான்றாகக் காட்டுவது வழக்கம். நான் அதை ஆதரவான சான்றாகவும் காண்கிறேன். மாணவர்கள் வெறும் மதிப்பெண் மட்டும் போட்டிருந்தால் ரிச்சர்ட்ஸ் எதைக் கண்டுபிடித்திருப்பார்? காரணம் எழுதினார்கள்; அதனால்தான் எங்கே வழுக்கினார்கள் என்பது நமக்குத் தெரிகிறது.

தனி மனிதர் தவறலாம், ஆயிரம் பேருடைய கருத்தைக் கூட்டிச் சராசரி எடுத்தால் தவறுகள் ஒன்றையொன்று அடித்துச் சரியாகிவிடும் என்று ஒரு வாதம் உண்டு. நட்சத்திரக் கணக்கின் ஆதாரமே இதுதான். தவறுகள் ஆளுக்கொரு திசையில் சாயும்போது இது பொருந்தும். எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்தால் சராசரியும் அந்தப் பக்கமே சாயும். 2023 ஜூனில் அமெரிக்க எழுத்தாளர் எலிசபெத் கில்பர்ட், ரஷ்யாவைக் களமாகக் கொண்ட தம் நாவலை அறிவித்த சில நாட்களிலேயே வெளியீட்டை நிறுத்திவைத்தார். புத்தகம் அச்சாகும் முன்பே அதற்கு ஒற்றை நட்சத்திரங்கள் நூற்றுக்கணக்கில் விழுந்திருந்தன. போரில் சிக்கிய உக்ரைன் மக்களின் கோபம் உண்மையானது. அதைச் சொல்ல அவர்களுக்கு முழு உரிமை உண்டு. அதைப் புத்தகத்தின் மதிப்பெண்ணாக எழுதியதுதான் பொருந்தாதது, ஏனென்றால் அங்கே வாசிப்பு நடக்கவே இல்லை. நம் ஊரில் இன்னும் கொடுமையாக நடந்தது. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010-இல் வெளிவந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2014 டிசம்பரில், திருச்செங்கோட்டில் அது எரிக்கப்பட்டது. 2015 ஜனவரியில் தன்னுள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவர் அறிவிக்க நேர்ந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. குழந்தையில்லாத காளியும் பொன்னாவும் ஊர்ப்பேச்சால் படும் பாட்டைப் பக்கம் பக்கமாகச் சொல்லும் அந்த நாவலை, ஒரு திருவிழா இரவைப் பற்றிய பகுதியை மட்டும் வைத்து எடைபோட்டார்கள். இடத்தைச் சுட்டினால் போதும் என்று நான் முன்பு சொன்னதற்கு இங்கே ஒரு திருத்தம் தேவைப்படுகிறது: சுட்டும் இடத்துக்கு முன்னும் பின்னும் இருப்பதைப் படித்திருக்க வேண்டும்.

வாசகர் கருத்துக்குக் காது கொடுத்தால் எழுத்தாளர் கெட்டுப்போவார் என்று அஞ்சுபவர்களும் இருக்கிறார்கள். தொடர்கதைக் காலத்தை நினைத்துச் சொல்லும் அச்சம் இது; அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ‘பொன்னியின் செல்வன்’ 1954-இல் முடிந்தபோது, திடீரென்று முடித்துவிட்டீர்களே, இன்னார் பிறகு என்ன ஆனார் என்று கேட்ட வாசகர்களுக்காகக் கல்கி கதையை நீட்டவில்லை. முடிவுரை ஒன்றை எழுதி, ஏன் அங்கே நிறுத்தினார் என்பதை விளக்கி, பாத்திரங்களின் பிற்கால வரலாற்றையும் சுருக்கமாகச் சொன்னார். கேள்விக்குப் பதில் கிடைத்தது, நாவலும் தன் வடிவத்தில் நின்றது. ஜெயகாந்தனும் சிறுகதையின் முடிவை மாற்றி எழுதவில்லை. அது அப்படியே இருக்க, பக்கத்தில் நாவல் ஒன்று எழுந்தது. எழுத்தாளரைக் கெடுப்பது வாசகரின் கேள்வியைவிட வாசகரின் புகழ்ச்சி என்றுதான் எனக்குப் படுகிறது. சிறப்புப் பாயிரமும் சாற்றுக்கவியும் வாங்கி நூலின் முன்னால் கோத்த மரபு நம்முடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சு நூல்களைப் புரட்டினால் நூலுக்குள் நுழையுமுன் எத்தனை புலவர்களின் வாழ்த்தைத் தாண்ட வேண்டியிருக்கிறது! இன்றைய வெளியீட்டு விழாக்களில் அதுவே பொன்னாடையோடு நடக்கிறது. பிடிக்கவில்லை என்று மரியாதையாகச் சொல்லும் பழக்கம் நம்மிடம் வளரவே இல்லை.

அந்தப் பழக்கம் எவ்வளவு பயனுள்ளது என்பதற்கு எஸ்.ஆர். ரங்கநாதனின் நூலக விதிகளையே துணைக்கு அழைக்கலாம். சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த அவர், 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் இரண்டு: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். இந்த இணைப்பைச் செய்வதற்கு, காரணம் சொன்ன வெறுப்பைப்போல உதவுவது வேறில்லை. பக்கம் பக்கமாக மண்ணையும் விதைப்பையும் பற்றியே எழுதியிருக்கிறார், கதையைக் காணோம் என்று ஒருவர் ஒரு கரிசல் நாவலைப் பற்றிக் குறைப்பட்டால், அதைக் கேட்ட இன்னொருவர் அதற்காகவே அதைத் தேடிப் போவார். வெறும் இரண்டு நட்சத்திரம் அந்த இன்னொருவரையும் திருப்பி அனுப்பிவிடும். வேலைக்குப் போய்வந்து இரவில் பத்துப் பக்கம் படிப்பவரிடம் இதையெல்லாம் எதிர்பார்ப்பது அநியாயம் என்று சொல்லலாம். அவரிடம் கட்டுரை யாரும் கேட்கவில்லை. எந்த இடத்தில் நின்றேன், எதனால் நின்றேன் என்ற இரண்டு வாக்கியத்துக்கு, கதைச்சுருக்கம் எழுதுவதைவிடக் குறைந்த நேரமே ஆகும்.

அபிப்பிராயம் சொல்ல வாசகருக்குத் தகுதி உண்டா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. 1880-இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரை, கல்லூரித் தமிழாசிரியர் உ.வே. சாமிநாதையர் பார்க்கப் போனார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று ஐயர் அடுக்கிய நீண்ட பட்டியல் அவரை அசைக்கவில்லை. இவற்றுக்கெல்லாம் முந்திய நூல்கள் இருக்கின்றனவே, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். அவர் வித்துவான் அல்லர், நீதிமன்ற உத்தியோகஸ்தர். பட்டியலைக் குறைத்துப் பேசியதோடு அவர் நிற்கவும் இல்லை. தம்மிடமிருந்த சிந்தாமணிப் பிரதியை ஐயரிடம் கொடுத்து, அவரோடு உட்கார்ந்து படிக்கவும் தொடங்கினார். பாதி புரியாத பாடல்களோடு அவர்கள் மல்லுக்கட்டிய அந்த நூல், 1887-இல் ஐயரின் பதிப்பாக அச்சில் வந்தது.