போர்க்காலத் திரையில் ‘சாதாரணக் குடும்பம்’: இரு திரைப்படங்கள் – ஓர் ஒப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

இரண்டாம் உலகப்போரின்போது வெளிவந்த ‘மிசஸ் மினிவர்’ (1942), ‘மில்லியன்ஸ் லைக் அஸ்’ (1943) ஆகிய திரைப்படங்கள், போர்முனைக்குச் செல்லாத ஆங்கிலேயக் குடும்பங்கள் வீட்டிலிருந்தே எதிர்கொண்ட போரைச் சித்திரிக்கின்றன. இவை ‘சாதாரணக் குடும்பம்’ என்று யாரைக் காட்டுகின்றன, போர் வர்க்க வேறுபாட்டை அழித்தது என்னும் கூற்றை எவ்வாறு கையாளுகின்றன என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: போர்க்காலத் திரைப்படம், குடும்பம், வர்க்கம், பரப்புரை.

முன்னுரை

1940 செப்டம்பரில் இலண்டன் மீது தொடர் குண்டுவீச்சு தொடங்கியபின், வீட்டிற்கும் போர்க்களத்திற்கும் இடையிலான எல்லை மறைந்தது. 1941 டிசம்பரில் பிரிட்டன் இயற்றிய சட்டம் மணமாகாத இளம்பெண்களையும் கட்டாயப் பணிக்கு உட்படுத்தியது. மக்களின் மனவுறுதியைக் காக்க அரசு திரைப்படத்தை நாடியது. ஆகவே இப்படங்களைப் பரப்புரை என ஒதுக்கிவிடுவது எளிது. எனினும், பரப்புரைக்குள் உண்மைக்கு எவ்வளவு இடம் உண்டு என்பது தனியே ஆராயத்தக்கது.

மினிவர் இல்லம்

வில்லியம் வைலர் ஹாலிவுட்டில் இயக்கிய ‘மிசஸ் மினிவர்’, சிறந்த படம் உள்ளிட்ட ஆறு ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. தொடக்கத்தில் மனைவி விலையுயர்ந்த தொப்பி ஒன்றையும் கணவர் புதிய மகிழுந்து ஒன்றையும் வாங்கிவிட்டு, ஒருவரிடம் ஒருவர் சொல்லத் தயங்குகின்றனர். வீட்டில் பணியாளர் உளர். மூத்த மகன் ஆக்ஸ்போர்டில் பயில்கிறான். படம் சராசரியானது எனக் காட்டும் குடும்பம், உண்மையில் வசதி படைத்ததாகும்.

ஆயினும் படத்தின் வலிமையும் அந்த வீட்டிற்குள்ளேயே உள்ளது. பதுங்கறைக் காட்சியில் பகைவர் எவரும் தென்படுவதில்லை. குழந்தைகள் உறங்க, பெற்றோர் தாழ்ந்த குரலில் உரையாடுகின்றனர். குண்டோசை நெருங்க நெருங்க அப்பேச்சு அறுகிறது. விமானப்படையில் சேர்ந்த மகனே இறப்பான் எனப் பார்வையாளர் அஞ்சியிருக்க, இறப்பவளோ அவனுடைய இளம் மனைவி. போரில் வீட்டிலிருப்போர்க்கும் பாதுகாப்பில்லை என்பதைப் படம் இவ்வாறு ஐயமின்றி உணர்த்துகிறது.

வர்க்கத்தைப் பற்றி அது இவ்வளவு நேர்மையாகப் பேசவில்லை. மலர்க்காட்சியில் உயர்குடிப் பெண்மணி, தமக்கு உரியதாகிவந்த பரிசை ரோசா வளர்த்த இரயில் நிலைய அலுவலருக்கு விட்டுக்கொடுக்கிறார். மேலோரின் பெருந்தன்மையால் வேறுபாடு தீர்ந்துவிடுகிறது. இடிந்த தேவாலயத்தில் நிகழும் இறுதிச் சொற்பொழிவு இது அனைத்து மக்களின் போர் என அறிவிக்கிறது. அதை மறுத்துக் கேட்பார் எவருமில்லை.

தொழிற்சாலை விடுதி

பிராங்க் லாண்டர், சிட்னி கில்லியட் இருவரும் இயக்கிய ‘மில்லியன்ஸ் லைக் அஸ்’ பிரிட்டிஷ் தகவல் அமைச்சகத்தின் ஊக்கத்தால் உருவானது. அரசின் நோக்கம் இதில் வெளிப்படையானது: பெண்களைத் தொழிற்சாலைக்கு ஈர்த்தல். சீலியா சீருடை அணிந்து படைப்பிரிவில் பணியாற்றக் கனவு காண்கிறாள்; அவளுக்குக் கிடைப்பதோ விமான உதிரிபாகத் தொழிற்சாலை. அவள் ஏமாற்றத்தைப் படம் மறைப்பதில்லை. அவளை விடுதிக்கு அனுப்பிவிட்ட தந்தையின் வீடு ஒழுங்கின்றிக் கிடப்பதைக் காட்டி, அதுவரை அங்கு அவள் ஊதியமின்றிச் செய்த உழைப்பையும் நினைவூட்டுகிறது.

மேற்பார்வையாளர் சார்லிக்கும் செல்வக் குடும்பத்துப் பெண் ஜெனிபருக்கும் இடையிலான காதலே படத்தின் துணிவான பகுதி. திருமணப் பேச்சு எழும்போது சார்லி உடன்படவில்லை. இப்போது ஒன்றாக உழைப்பது போரின் தேவையால்; போர் முடிந்தபின் பழைய பிரிவினை திரும்புமா என்பது தெரியாமல் மணக்க இயலாது என்கிறான். அரசு ஊக்குவித்த ஒரு படம், போர் நடந்துகொண்டிருக்கும்போதே இவ்வினாவை எழுப்பி விடையின்றி விடுகிறது.

முடிவிலும் இந்நேர்மை தொடர்கிறது. விமானப்படை வீரனான கணவனை இழந்த சீலியா உணவுக்கூடத்தில் அமர்ந்திருக்கிறாள். மணநாளில் ஏமாந்த மணப்பெண்ணைப் பற்றிய பழைய கேலிப்பாட்டை எல்லோரும் பாட, மேலே குண்டுவீச்சு விமானங்கள் கடக்க, அவளும் மெல்லச் சேர்ந்து பாடுகிறாள். அவளுக்கு ஆறுதல் கூறச் சொற்பொழிவாளர் எவரும் அங்கில்லை.

முடிவுரை

இரு படங்களும் துயரை மெய்யாகவே காட்டுகின்றன. ஒற்றுமையை முன்னது எய்தப்பட்டதாகக் கொள்கிறது. பின்னது இன்னும் நிறைவேற்ற வேண்டிய வாக்குறுதியாகக் கொள்கிறது. 1945 தேர்தலில், போரில் வெற்றி தேடித்தந்த சர்ச்சிலை விலக்கிப் பிரிட்டிஷ் வாக்காளர்கள் தொழிற்கட்சியைத் தேர்ந்தெடுத்தனர். சார்லியின் வினா ஒரு திரைப்பாத்திரத்தின் தனி ஐயம் அன்று என்பதற்கு இது சான்றாகும். புகழில் ‘மிசஸ் மினிவர்’ முந்தியது; தன் காலத்து மக்களை அறிந்த ஆழத்தில் ‘மில்லியன்ஸ் லைக் அஸ்’ படமே மேம்பட்டது எனலாம்.