பதினேழாயிரத்தின் கணக்கு

காவிரி டெல்டாவில் நிலத்தை ஹெக்டேரில் யாரும் பேசுவதில்லை. மா, ஏக்கர், வேலி என்றுதான் பேச்சு. அரசாணை மட்டும் ஹெக்டேரில் பேசும். வெள்ளத்தில் 33 விழுக்காடோ அதற்கு மேலோ சேதமான பாசன நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என்று அது சொல்லும்போது நல்ல தொகையாகத்தான் காதில் விழுகிறது. ஏக்கருக்கு மாற்றினால் 6,880. மாவுக்கு மாற்றினால் 2,300 கூட இல்லை.

இதைக் குறைவு என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் எதிர்க்கட்சியாக இருப்பவர்கள் அதைத்தான் சொல்கிறார்கள், ஆளுங்கட்சியான பின் மறந்துவிடுகிறார்கள். தொகை போதுமா என்று கேட்பதற்கு முன், இந்தப் பணம் எதற்காகக் கொடுக்கப்படுகிறது, அந்த நோக்கத்தையாவது நிறைவேற்றுகிறதா என்று பார்க்க வேண்டும்.

மாநிலப் பேரிடர் நிதியின் 2022–26 விதிகளில் இதன் தலைப்பு இடுபொருள் மானியம். மானாவாரிக்கு 8,500, பாசன நிலத்துக்கு 17,000, பல்லாண்டுப் பயிருக்கு 22,500, எல்லாம் ஹெக்டேருக்கு. ஒரு விவசாயிக்கு அதிகபட்சம் இரண்டு ஹெக்டேர். இழந்த விளைச்சலை ஈடுகட்டுவது இதன் வேலை அல்ல. விதை, உரம் வாங்கி மறுபடி நிலத்தில் இறங்கக் கைகொடுப்பதுதான் வேலை. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டமும் இதைக் கருணைத் தொகையின் வரிசையில்தான் வைத்திருக்கிறது. உரிமை என்று எவரும் எழுதிக் கொடுக்கவில்லை.

அந்தச் சிறிய நோக்கத்தை வைத்தே எடைபோடுவோம். இந்த ஏற்பாட்டுக்கு நிஜமான நன்மைகள் உண்டு. பிரீமியம் கட்ட வேண்டாம். ஒரே விகிதம் என்பதால் பேரம் இல்லை, வேலையும் விரைவாக முடியும். பணம் வங்கிக் கணக்குக்கு நேராகப் போகிறது. 2015-க்கு முன் பாதிப் பயிர் போனால்தான் பெயர் பட்டியலில் ஏறும். இப்போது மூன்றில் ஒரு பங்கு போனாலே ஏறும். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு 13,000 ரூபாய்க்கு மேல் கிடைக்கும், அது விதைக்கும் உழவுக்கும் ஆகும். இவற்றையெல்லாம் ஒன்றுமில்லை என்று தள்ளிவிட முடியாது.

குறை தொடங்கும் இடம் கணக்கெடுப்பு. தண்ணீர் வடிந்த பிறகுதான் கிராம நிர்வாக அலுவலரும் வேளாண் உதவி அலுவலரும் வயலுக்கு வர முடியும். வடிவதற்கும் அவர்கள் வருவதற்கும் இடையில் விவசாயி ஒரு முடிவெடுத்தாக வேண்டும். அழுகிய பயிரை மடக்கி உழுது மறுநடவு செய்துவிட்டால், வருகிற அலுவலர் கண்ணுக்குப் பச்சை வயல்தான் தெரியும், கணக்கில் சேதம் வராது. அலுவலருக்காகக் காத்திருந்தால் பருவம் போய்விடும். மறுபடி பயிர் செய்ய உதவுவதற்கென்றே வைத்த பணம், மறுபடி பயிர் செய்ய முந்துகிறவரைத் தண்டிக்கிறது. தன் நோக்கத்துக்குத் தானே குறுக்கே நிற்கும் விதி இது. வெள்ளம் வந்த நாளின் படத்தையும் நட்ட தேதியையும் சான்றாக ஏற்றுக்கொண்டால் தீர்ந்துவிடும் இந்தச் சிக்கலை, ஆண்டுதோறும் விவசாயிகள் சங்கங்கள் மனுவில் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது அந்த 33. கண்ணால் பார்த்துத்தான் விழுக்காடு போடப்படுகிறது. 30 என்று எழுதினால் ஒரு காசும் இல்லை. 35 என்று எழுதினால் முழுத் தொகை. வயலே காணாமல் போனவருக்கும் அதே முழுத் தொகைதான். நட்டு இருபது நாளான நாற்றும், அறுவடைக்கு நின்ற கதிரும் ஒன்றாகவே மதிப்பிடப்படுகின்றன. வேளாண் செலவுகள் மற்றும் விலைகளுக்கான ஆணையம் 2024–25-க்கு நெல் உற்பத்திச் செலவைக் குவிண்டாலுக்கு 1,533 ரூபாய் என்று கணக்கிட்டது. வீட்டாரின் உழைப்புக்கான கூலி அதில் சேர்த்தி, சொந்த நிலத்தின் வாடகை மதிப்பு சேர்த்தியில்லை. ஹெக்டேருக்கு ஐந்து டன் விளையும் வயலில் அது 76,650 ரூபாய். கதிர் முற்றிய வயலை ஆறு கொண்டுபோனால், அறுப்புக் கூலி மிச்சம் என்று கழித்துக்கொண்டாலும், கைக்கு வருவது செலவில் நாலில் ஒரு பங்கை ஒட்டித்தான் இருக்கும். இளம் பயிருக்கு அதே பணம் பரவாயில்லை என்று சொல்லலாம். ஒரே விகிதம் விரைவுக்கு உதவுகிறது என்று மேலே ஒப்புக்கொண்டேன். நடவு, தூர் கட்டும் காலம், கதிர் என்று மூன்று விகிதம் வைத்தால் அந்த விரைவு கெட்டுவிடாது. கிராமப் பயிர்ப் பதிவேடான அடங்கலில் பயிர் ஏறியிருந்தால் பருவமும் தெரிந்ததுதானே.

விகிதமும் நிலையாக இருந்ததில்லை. நிவர், புரெவி புயல்களுக்குப் பின் 2021 ஜனவரியில் அன்றைய மாநில அரசு பாசன நெல்லுக்கான தொகையை 13,500-லிருந்து 20,000 ஆக்கி, இரண்டு ஹெக்டேர் வரம்பையும் எடுத்தது. 2023 பிப்ரவரியில் பருவம் தவறிய மழைக்கு அடுத்த அரசும் 20,000 கொடுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு 17,000. பிப்ரவரியில் அறுவடைக்கு நின்ற பயிர், அதனால் கூடுதல் என்று யாராவது வாதாடலாம். நிவர் அடித்தது நவம்பரில், பயிர் பாதி வளர்ச்சியில் இருந்தபோது. அதற்கும் 20,000தானே கொடுத்தார்கள். இந்த மூவாயிரத்தின் ஏற்ற இறக்கத்துக்கு வயலில் காரணம் தேடிப் பயனில்லை. கருணைத் தொகை என்றால் இப்படித்தான் இருக்கும்.

ஆற்று வெள்ளம் என்று தனியாக எடுத்தால் இன்னொன்று சேர்ந்துகொள்கிறது. மழைநீர் தேங்கினால் பயிர் போகும். ஆறு உடைத்துக்கொண்டு வந்தால் நிலமும் போகும். 2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து 1.68 லட்சம் கன அடி தென்பெண்ணையில் இறங்கியது. அப்படிப்பட்ட வெள்ளம் வடிந்த பிறகு கரையோர வயல்களில் நிற்பது மணல். மூன்று அங்குலத்துக்கு மேல் மணல் மேடிட்டால் அகற்ற ஹெக்டேருக்கு 18,000 ரூபாய் என்று விதியில் ஒரு வரி இருக்கிறது, அதுவும் சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டும். ஒரு ஹெக்டேரில் மூன்று அங்குல மணல் என்றால், நூறு கன அடி ஒரு யூனிட் என்ற கணக்கில், எத்தனை யூனிட்? ஏறக்குறைய 270. மூன்று யூனிட் பிடிக்கும் டிப்பரில் தொண்ணூறு நடை. யூனிட்டுக்கு 67 ரூபாய் விழுகிறது. பொக்லைன் வாடகை மணிக்கு ஆயிரத்துக்கு மேல் போகும் காலத்தில் இந்தத் தொகையை நிர்ணயித்தவர் மணல் அள்ளுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்க மாட்டார். அள்ளினாலும் வயலுக்கு வெளியே கொண்டுபோகக் கனிமவளத் துறையின் அனுமதி வேண்டும். மூன்று அங்குலத்துக்கும் மூன்று அடிக்கும் அதே 18,000 என்பதையும் சேர்த்துப் பார்த்தால், விதிகளிலேயே மிக மோசமான வரி இதுதான் என்பேன்.

காப்பீடு இருக்கிறதே என்பார்கள். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் நெல் வயலில் நீர் தேங்கிச் சேதமாவதைத் தனி வயல் இழப்பாகக் கொள்ளும் பிரிவை 2018-இல் எடுத்துவிட்டார்கள். 2025 நவம்பரில், 2026 காரிஃப் பருவத்திலிருந்து திரும்பச் சேர்ப்பதாக அறிவித்தார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் கிராமத்தின் சராசரி மகசூல் விழுந்தால்தான் பணம். ஆற்றை ஒட்டிய பத்து வயல் மூழ்கி, மேட்டில் உள்ள நூறு வயல் நன்றாக விளைந்தால் சராசரி விழாது. ஊரெல்லாம் ஒன்றாகக் காயும் வறட்சிக்கு அந்த முறை பொருந்தும். கரையோரத்தை மட்டும் தேர்ந்தெடுத்து அடிக்கும் ஆற்றுக்குப் பொருந்தவே பொருந்தாது.

இதுவரை சொன்னவை திருத்தக்கூடிய குறைகள். கொள்ளிடத்தின் கதை வேறு.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கர்நாடக அணைகள் நிரம்பி மேட்டூரும் 120 அடியைத் தொட்டால், காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பில் உபரி முழுவதும் கொள்ளிடத்தில் திருப்பப்படுகிறது. கல்லணைக்குக் கீழே காவிரியும் வெண்ணாறும் பாசன ஆறுகள். அவ்வளவு நீரைத் தாங்கும் அகலம் அவற்றுக்கு இல்லை. 2018, 2022, 2024 என்று ஒவ்வொரு முறையும் மயிலாடுதுறை மாவட்டத்தின் நாதல்படுகை, முதலைமேடு, வெள்ளைமணல் போன்ற, ஆற்றுக் கரைகளுக்கு உள்ளே இருக்கும் படுகை ஊர்கள் மூழ்கின. அங்கே அந்த நேரம் மழை இருக்காது. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே காய்கறியும் முல்லையும் வாழையும் தண்ணீருக்குள் போகும். கரைக்கு வெளியே சில நூறு அடி தள்ளி, குறுவை நெல் பத்திரமாக நிற்கும்.

அந்தக் குறுவை நிற்பதற்கான விலையைப் படுகைக்காரர் கொடுக்கிறார் என்பது என் வாதம். இதற்கு எதிரான வாதங்கள் லேசானவை அல்ல.

மிக வலுவானது இது: கொள்ளிடம்தான் பள்ளமான, அகலமான கிளை, நீர் இயல்பாகவே அதில்தான் போகும். 1836-இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையைக் கட்டியதே, காவிரி மேடேறித் தண்ணீரெல்லாம் கொள்ளிடத்தில் ஓடிவிடுகிறது என்ற கவலையில்தான். அப்படியிருக்க, வெள்ளத்தை அரசு அனுப்பியது என்று எப்படிச் சொல்வது? பாதி ஒப்புக்கொள்கிறேன். அணையே இல்லாவிட்டாலும் படுகை மூழ்கும். சாத்தனூர் விஷயத்திலும் இதே நியாயம் உண்டு, வந்த வெள்ளத்தைத்தான் அது வெளியே விட்டது. அந்த வெள்ளத்தை அரசின் செயல் என்று நான் சொல்ல மாட்டேன். முக்கொம்பில் நடப்பது அதோடு முடியவில்லை. மேலணை வந்த பிறகு சாதாரண நாளின் நீர் காவிரிக்கு, ஆபத்தான நாளின் நீர் கொள்ளிடத்துக்கு என்று ஒரு பங்கீடு நிலைத்துவிட்டது. கரைக்கு உள்ளே இருக்கும் படுகைக்கு வாய்க்கால் தலைப்பு கிடையாது. முறைப்பாசனத்தில் பங்கு கிடையாது. லாபம் ஒரு கரைக்கும் நட்டம் இன்னொரு கரைக்கும் போகும்படி ஏற்பாடு செய்தவர், அது தவறான ஏற்பாடாக இல்லாவிட்டாலும், நட்டத்துக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும்.

தவறு செய்தால்தான் இழப்பீடு என்பது நம் சட்டத்தின் பொதுவிதியும் இல்லை. இதே டெல்டாவில் எரிவாயுக் குழாய் புதைக்கிறார்கள். 1962-ஆம் ஆண்டின் பெட்ரோலியக் குழாய்ப்பாதைச் சட்டப்படி, நிலம் விவசாயியிடமே இருக்கும். குழாய் செல்லும் உரிமைக்காகச் சந்தை மதிப்பில் பத்து விழுக்காடும், பயிருக்கும் மரத்துக்கும் ஏற்படும் சேதத்துக்கு மதிப்பீட்டின்படி தனித் தொகையும் தர வேண்டும். அந்தத் தொகை போதாது என்று டெல்டாவில் போராட்டங்களே நடந்திருக்கின்றன, அது தனி வழக்கு. இங்கே கவனிக்க வேண்டியது, குழாய்க்காக மிதிபட்ட வாழைக்கு இழப்பீடு என்பது சட்ட உரிமையாக இருக்கிறது என்பதே. ஒரு மாவட்டத்தையே காப்பாற்றும் வெள்ளநீர் மேலே போன வாழைக்கு, அமைச்சர் அறிவித்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பொதுநலனுக்காக ஒருவர் நிலத்தைப் பயன்படுத்துவது இரண்டுக்கும் பொது. எரிவாயு நிறுவனத்துக்கு விதித்த கடமையை அரசு தனக்கு விதித்துக்கொள்ளவில்லை.

இன்னொரு எதிர்வாதம்: படுகை ஆற்றின் இடம், அங்கே சாகுபடி செய்பவர் தெரிந்தேதான் செய்கிறார், பணம் கொடுத்தால் ஆக்கிரமிப்பு வளரும். இங்கே நிலத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். படுகையில் பட்டா நிலமும் உண்டு, கோயில் நிலமும் உண்டு, ஆக்கிரமிப்பு என்று பதியும் பி மெமோவில் ஓடும் ஆற்றுப் புறம்போக்கும் உண்டு. பட்டா கொடுத்து, தீர்வை வாங்கி, மின் இணைப்பும் கொடுத்த பிறகு இது ஆற்றின் இடம் என்று வெள்ளத்தன்று மட்டும் நினைவூட்டுவது எடுபடாது. பட்டாதாரருக்கு இழப்பீடு உரிமையாக வேண்டும். கொள்ளிடக் கரைகளுக்குள் அடங்கிய பட்டா புல எண்களை அறிவிக்கை செய்து, வெள்ளநீர் செல்லும் உரிமைக்கு ஒருமுறைத் தொகையும், மூழ்கும் ஒவ்வொரு முறையும் பயிருக்கு மதிப்பீட்டின்படி தொகையும் தருவது ஒரு வழி. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூழ்கும் நிலத்துக்கு இது கட்டுப்படியாகாது என்று நிதித் துறை சொன்னால், நியாயமான விலைக்கு வாங்கிக்கொள்ளட்டும், அதுவும் நேர்மையான பதில்தான். புல எண்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. மேட்டூரில் மதகு திறக்கும்போதெல்லாம் எந்தெந்த ஊரில் தண்டோரா போட வேண்டும் என்று வருவாய்த் துறைக்குத் தெரிந்துதான் இருக்கிறது.

புறம்போக்கில் சாகுபடி செய்பவருக்கு அதே உரிமை கொடுக்க முடியாது. அங்கே எதிர்வாதம் நிற்கிறது. கொடுத்தால் ஆறு இன்னும் சுருங்கும். அதற்காக அவரைக் கணக்கெடுப்பிலிருந்தே விட்டுவிடுவதும் சரியில்லை. இடுபொருள் மானியம் பயிருக்கான உதவிதான், நிலத்துக்கான விலை அல்ல என்று அரசே சொல்கிறபோது, பயிர் செய்தவர் யார் என்பதுதான் கேள்வியாக இருக்க வேண்டும், பட்டா யார் பெயரில் என்பது அல்ல. குத்தகைப் பாக்கி இருக்கிறது என்று சொல்லி அடங்கல் மறுக்கப்படும் கோயில் நிலக் குத்தகைதாரருக்கும் இது பொருந்தும். அவர்களுக்கு அந்தப் பதினேழாயிரம், இரண்டு ஹெக்டேர் வரம்போடு, பயிரின் பருவத்துக்கு ஏற்றபடி, அடுத்த நடவுக்கு முன். அதற்கு மேல் கேட்க எனக்கு வாதம் இல்லை.